கால் எடுத்த பிறகு நடைப் பயிற்சி: 2 விநாடி குறைந்தால் முன்னேற்றமா?

கேள்வி:
அப்பாவுக்குச் சர்க்கரைப் புண் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகுகிறார். பிசியோவில் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் குறிக்கிறார்கள். போன மாதம் 31 விநாடி, இந்த வாரம் 29. "இவ்வளவு பாடுபட்டும் ரெண்டு விநாடிதானா?" என்று சோர்ந்துபோய்விட்டார். நான் என்ன சொல்வது?

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
அது டைம்டு அப் அண்ட் கோ சோதனை. 3 மீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். 2 விநாடியை வைத்து நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது. கால் இழந்தவர்களிடம் 2011இல் செய்த ஆய்வு, 3.6 விநாடிக்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றமாக எடுக்கலாம் என்கிறது. அதற்குள் வருவது அன்றைய களைப்பாகக்கூட இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன்: இரண்டு முறையும் அதே நாற்காலி, அதே செருப்புதானா? கையில் பிடித்தது வாக்கரா, கைத்தடியா?

இன்னொன்று, வேகம் மட்டுமே நடை இல்லை. இரண்டு நிமிட நடையில் எத்தனை மீட்டர் போகிறார் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்பி என்று, கால் இழந்தவர் எவ்வளவு நடமாட முடியும் என்பதை அளக்கும், 47 மதிப்பெண் வரையுள்ள சோதனை உண்டு. பிடிக்காமல் நிற்பது, தடையைத் தாண்டுவது, படி ஏறுவது எல்லாம் அதில் வரும். வேகத்தில் தெரியாத முன்னேற்றம் அங்கே தெரியலாம்.

பதில் (ஆறு வருடமாகச் செயற்கைக் காலோடு இருப்பவர்):
சாக்கெட்டையும், அதாவது செயற்கைக் காலில் மிச்சக் கால் நுழையும் கிண்ணத்தையும், கவனியுங்கள் தம்பி. முதல் வருடம் ஸ்டம்ப், அதாவது எடுத்ததுபோக மிஞ்சிய கால், சுருங்கிக்கொண்டே வரும். சாக்கெட் லூசானால் நல்லா நடந்தவரும் தடுமாறுவார். எனக்கு ஸ்டம்பில் சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போட்டதும் நடை நேரானது. தினமும் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார், கழற்றியதும் தோல் சிவப்பு பத்து நிமிஷத்தில் மறைகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மறையாவிட்டால் உடனே காட்டுங்கள். சர்க்கரைக்காரர் என்பதால் சொல்கிறேன், வலி தெரியாமலே புண்ணாகிவிடும். இடது பாதத்தையும் தினமும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. போன மாதம் வாக்கர் பிடித்திருந்தார் சார். இந்த வாரம் கைத்தடி மட்டும்தான்!

பிசியோதெரபிஸ்ட்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வாக்கரை விட்டுவிட்டு 29 விநாடியில் வந்திருக்கிறார், அது பெரிய விஷயம். அந்த இரண்டு எண்ணையும் இனி ஒப்பிட வேண்டாம். கைத்தடிக்குத் தனிக் கணக்கு, முதல் வரி 29. ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களைப் பற்றிய 2007 ஆய்வொன்றில், ஒரு முறைக்கு மேல் விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனைக்கு 19 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்கள். அதனால் குளியலறையில் கைப்பிடி வையுங்கள். திரும்பும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.