புதுப்பிப்பு: அப்பாவின் குடல் அடைப்பு, அறுவை சிகிச்சை முடிந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: அப்பாவுக்கு நான்கு நாளாக மலமும் காற்றும் போகவில்லை, வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது, சிடி ஸ்கேனில் இடப்பக்கப் பெருங்குடலில் கட்டி தெரிகிறது என்று. விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

அன்று இரவே அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். கட்டியை எடுக்கவில்லை. ஏன் என்று நானும்தான் கேட்டேன். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள சீக்கம் என்ற பகுதிக்குச் சுவர் மெல்லியது. கீழே அடைத்துக்கொண்டால் அழுத்தம் அங்கேதான் ஏறும். அதன் அகலம் 12 செ.மீ. தாண்டினால் கிழியும் ஆபத்து அதிகம், அப்பாவுக்கு 11. அதனால் முதலில் அழுத்தத்தை இறக்கினார்கள்: பெருங்குடலின் நடுப்பகுதியான குறுக்குக் குடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, திறந்து, பை மாட்டினார்கள். கொலஸ்டமி. சிலருக்கு ஸ்டென்ட் என்ற வலைக் குழாயை வைத்தும் அடைப்பைத் திறக்கலாம். அப்பாவுக்கு அதை வைக்க முதலில் விடும் கம்பி நுழையவே இடமில்லை.

மறுநாள் காலை பை காற்றால் பலூன் போல நிறைந்திருந்தது. அதைப் பார்த்து அம்மா அழுதேவிட்டாள். தொட்டுப் பார்த்தேன், வயிறு மெத்தென்று இருந்தது. மூக்குக் குழாயை எடுத்ததும் அப்பா கேட்டது ரசம்.

இப்போது பை மாற்றுவது என் வேலை. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். பாரம் ஏறினால் ஒட்டு பிரிந்து தோல் புண்ணாகிவிடும். ஸ்டோமா, அதாவது வெளியே தெரியும் குடலின் வாய், ஈரமாக, சிவப்பாக இருந்தால் சரி. கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கொலோனாஸ்கோபியில் (கேமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) எடுத்த சதைத் துணுக்கின் முடிவும் வந்துவிட்டது. புற்றுநோய்தான். கல்லீரலில் எதுவும் தெரியவில்லை. அப்பா கொஞ்சம் தேறியதும் கட்டியை எடுக்கத் தேதி சொல்வார்கள்.