டெபியன் 12: புதிய கெர்னல் நிறுவப்பட்டும் பழையதே தொடங்குகிறது (தீர்ந்தது)

கேள்வி

எங்கள் அச்சகத்தில் பக்க வடிவமைப்புக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. சென்ற வாரம் பாதுகாப்புத் திருத்தங்களோடு வந்த 6.1.0-22 கெர்னலை (இயங்குதளத்தின் மையநிரலை) ஏபிடி என்ற நிறுவல் கருவி எந்தப் பிழையும் காட்டாமல் நிறுவியது. ஆனால் மூன்று முறை மறுதொடக்கம் செய்த பின்னும் ‘யூநேம் -ஆர்’ கட்டளை 6.1.0-21 என்றே காட்டுகிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் பட்டியலிலும் 21, 20 ஆகிய இரண்டு மட்டுமே உள்ளன.

அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘அப்டேட்-க்ரப்’ கட்டளையை இட்டபோது, /பூட்/க்ரப் என்ற கோப்பகம் இல்லாததால் கோப்பை உருவாக்க முடியவில்லை என்ற பிழை வந்தது. அந்தக் கோப்பகத்தை நானே உருவாக்கிவிட்டு மீண்டும் இட்டேன். இம்முறை பிழையின்றி முடிந்து, 22 கிடைத்ததாகவும் காட்டியது. இருந்தும் மாற்றமில்லை. வேலை நேரத்தில் நிறுத்த முடியாத கணினி என்பதால், அடுத்து எதைப் பார்ப்பது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

/இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் ‘க்ரப்_டிஃபால்ட்’ என்பதன் மதிப்பு ‘சேவ்டு’ என்று இருக்கிறதா? அப்படியிருந்தால், முன்பு தேர்ந்தெடுத்த பதிவையே க்ரப் ஒவ்வொரு முறையும் தொடங்கும்.

கேட்டவர்

பார்த்தேன் ஐயா, 0 என்றுதான் இருக்கிறது.

மறுமொழி 2

பட்டியலிலேயே 22 இல்லாதபோது இயல்புத் தேர்வை மாற்றிப் பயனில்லை. நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய இடம் வேறு. டெபியன் நிறுவப்பட்டு ஒழுங்காகத் தொடங்கும் கணினியில் /பூட்/க்ரப் என்ற கோப்பகம் எப்படி இல்லாமல் போகும்? க்ரப் தன் பட்டியலை எங்கிருந்தோ படித்துக்கொண்டுதானே இருக்கிறது? அந்த இடம் இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரியும் /பூட் அல்ல என்று நினைக்கிறேன்.

‘எல்எஸ் /பூட்’ இட்டு அங்குள்ள கோப்புகளைப் பாருங்கள். இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் 21-இன் கோப்பு அங்கே இல்லையென்றால் என் ஐயம் உறுதியாகிவிடும். பிறகு ‘ஃபைன்ட்எம்என்டி /பூட்’ (அங்கே எது ஏற்றப்பட்டுள்ளது என்று காட்டும்), ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ (வட்டுகளின் பகுதிகளைப் பட்டியலிடும்) ஆகிய இரண்டின் வெளியீட்டையும் சொல்லுங்கள். அதுவரை, தேவையற்றதாகத் தோன்றும் பொதிகளை நீக்கும் ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ கட்டளையைத் தயவுசெய்து இடாதீர்கள். 21-இன் பொதி நீக்கப்பட்டால் அதன் மாட்யூல்களும் (வன்பொருளை இயக்கும் துணை நிரல்களும்) போய்விடும். ஆனால் கணினி தொடர்ந்து 21-ஐத்தான் தொடங்கும் என்பதால், வலைப்பின்னல் கூட இயங்காத நிலையில் நிற்க நேரலாம்.

கேட்டவர்

/பூட்டில் 22-இன் கோப்புகளும் நான் உருவாக்கிய க்ரப் கோப்பகமும் மட்டுமே உள்ளன. ‘ஃபைன்ட்எம்என்டி’ எதையும் காட்டவில்லை. முதல் வட்டில் 512 எம்பி அளவுள்ள ஒரு சிறு பகிர்வு (வட்டின் தனிப் பகுதி) எந்தக் கோப்பகத்திலும் ஏற்றப்படாமல், அதாவது இணைக்கப்படாமல் இருக்கிறது. கடந்த மாதம் இரண்டாவது வட்டைப் பொருத்தி, எந்தப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று குறிக்கும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தியபோது, /பூட்டுக்கான வரியின் முன்னும் ‘#’ குறியை இட்டு அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறேன். தவறு என்னுடையதே.

மறுமொழி 2

அந்தச் சிறு பகிர்வுதான் உண்மையான /பூட். க்ரப் தொடங்கும்போது எஃப்எஸ்டேப்பைப் பார்ப்பதில்லை. நிறுவிய நாளில் குறித்துவைத்த பகிர்வை நேரே படிக்கிறது. அது ஏற்றப்படாததால், ஏபிடி புதிய கெர்னலை இயங்குதளம் உள்ள மூலப் பகிர்விலுள்ள (/) வெறும் /பூட் கோப்பகத்தில் வைத்துவிட்டது. நீங்கள் உருவாக்கிய கோப்பகத்தில் எழுதப்பட்ட பட்டியலை க்ரப் ஒருபோதும் படிக்கப்போவதில்லை.

முதலில் /பூட்டில் இப்போதுள்ள அனைத்தையும் /ரூட்டின் கீழ் ஒரு தனிக் கோப்பகத்துக்கு நகர்த்துங்கள். அப்படியே பகிர்வை ஏற்றினால் அவை அடியில் மறைந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். (யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்கமுறை உள்ள கணினியாக இருந்தால் அதற்கு முன் /பூட்/இஎஃப்ஐ ஏற்றப்பட்டுள்ளதா என்று பார்த்து இறக்கிவிட வேண்டும்.) பின்னர் எஃப்எஸ்டேப்பில் ‘#’ குறியை நீக்கி, அந்த வரியிலுள்ள யூயூஐடி (பகிர்வின் அடையாளக் குறியீடு), ‘எல்எஸ்பிஎல்கே’ காட்டியதோடு ஒத்திருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, ‘மவுண்ட் /பூட்’ இடுங்கள். ‘டிஎஃப் -எச் /பூட்’ கட்டளையால் 100 எம்பியாவது காலியாக உள்ளதா என்றும் பாருங்கள். இறுதியாக 6.1.0-22 பொதியை ஏபிடியின் ‘--ரீஇன்ஸ்டால்’ தெரிவோடு மீண்டும் நிறுவினால், கெர்னலும் அது தொடங்கும்போது பயன்படுத்தும் இனிட்ஆர்டி கோப்பும் உரிய இடத்துக்கு வரும். க்ரப் பட்டியலும் தானாகப் புதுப்பிக்கப்படும்.

கேட்டவர்

கடையை மூடிய பிறகு சொன்ன வரிசையில் செய்தேன். மீண்டும் நிறுவும்போது 22, 21, 20 மூன்றும் கிடைத்ததாக வந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் ‘யூநேம் -ஆர்’ 6.1.0-22 என்று காட்டுகிறது. மிக்க நன்றி ஐயா. /ரூட்டில் வைத்த கோப்புகளை நீக்கிவிடலாமா?

மறுமொழி 2

நீக்கிவிடலாம், அவை எதற்கும் பயன்படவில்லை. ஆட்டோரிமூவையும் இனி இடலாம். இன்னொரு முறை மறுதொடக்கம் செய்து, /பூட் தானாக ஏற்றப்படுகிறதா என்பதை ‘ஃபைன்ட்எம்என்டி’ கொண்டு பார்த்த பிறகு இடுங்கள்.