ஊர் மாறும்போது வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா? எங்கள் அனுபவம்

நாங்கள் வாடகைக்குத்தான் விட்டோம். கையில் காசு வரும்போதே வீட்டை விற்றுவிடு என்று பாதிப் பேர், சொந்த வீட்டை யாராவது விற்பார்களா என்று மீதிப் பேர். ஆளாளுக்குச் சொன்னதில் தலை சுற்றியதுதான் மிச்சம்.

வாடகைக் கணக்கை மனைவிதான் போட்டாள். மாத வாடகையை 12ஆல் பெருக்கி வருமானம் இவ்வளவு என்று நான் சொல்ல, ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே அதில் 8 சதவீதத்துக்கு மேல் போச்சு, தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் இன்னொரு 8, அப்புறம் வெள்ளையடிப்பு, ரிப்பேர், வீட்டு வரி, வாடகைக்கு வருமான வரி என்று கழித்துக்கொண்டே போனாள். மிஞ்சியது கடன் தவணைக்குக்கூடப் போதவில்லை. கணக்கை மட்டும் பார்த்திருந்தால் விற்றிருப்போம்.

ஆனால் என் மச்சான் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவரை நம்பித்தான் விட்டோம், வேறு காரணமே இல்லை. ஒரு நாள் ராத்திரி குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று குடியிருப்பவர் போன் செய்தார். எனக்கு இங்கே கை கால் ஓடவில்லை, மச்சான் போய் வால்வை அடைத்து, காலையில் பிளம்பரைக் கூட்டி வந்து, கீழ்வீட்டுக்காரரையும் சமாதானப்படுத்திவிட்டு வந்தார். அதையெல்லாம் போனிலேயே செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னோடு வேலை பார்ப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. பராமரிப்பு ஏஜென்சியிடம் ஒப்படைத்தார். குடியிருந்தவர் காலி செய்து போனதே அவருக்கு வாடகை நின்ற பிறகுதான் தெரிந்தது. வெறுத்துப்போய் விற்கப் பார்த்தால் அங்கே வரிப் பிரச்சினை. பல நாடுகளில் சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்றால்தான் லாபத்துக்கு முழுச் சலுகை, வருடக்கணக்கில் வாடகைக்கு விட்டால் அது குறையும், சில இடங்களில் போயே போய்விடும். இதைக் கிளம்புவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கடன் கொடுத்த வங்கி வாடகைக்கு விட ஒத்துக்கொள்கிறதா, வீட்டு இன்சூரன்ஸ் குடித்தனக்காரர் இருக்கும்போதும் செல்லுமா என்பதையும் சேர்த்துத்தான்.

திரும்பி வருவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் கதை வேறு, நட்டமானாலும் வைத்திருக்கலாம். "வந்தாலும் வருவோம்" என்பதெல்லாம் வராததற்குச் சமம், என் கருத்து.

இப்போது மச்சானுக்கும் மாற்றலாகிவிட்டது. அதனால் விற்கும் பேச்சை எடுத்திருக்கிறோம். குடியிருப்பவரிடமே முதலில் கேட்கப்போகிறோம், அவரே வாங்கிக்கொண்டால் காலி செய்யச் சொல்லும் சங்கடமும் இல்லை, தரகும் மிச்சம்.