வேதம் வாசித்தும் உள்ளம் வறண்டே கிடக்கிறது

கேள்வி (தாம்பரம்): வேதத்தை (பைபிளை) ஓராண்டில் வாசிக்கும் திட்டம், மூணாவது புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுபோச்சு. ஜெபமும் வெறும் வாய்ப்பாடாயிடுச்சு. மறுபடி எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில் 1: விட்ட நாட்களை ஈடுகட்டப் பார்க்காதீங்க பிரதர். மொத்தம் 1189 அதிகாரம்; வருஷத்துக்குள் முடிக்க தினம் மூணு, நாலு வேணும். அந்த வேகத்தில் கண்தான் ஓடும். மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பிங்க; மொத்தமே 16 அதிகாரம்தான். தினம் பாதி அதிகாரம், வாய்விட்டு, இரண்டு தரம். உறைக்கிற வசனத்தை நோட்டில் எழுதி, அதையே ஜெபமாக்குங்க.

பதில் 2: ஜெபம் வராதபோது பைபிளில் சங்கீதம் 119 வாசிங்க. எட்டெட்டு வசனமா 22 பகுதி, தினம் ஒன்று. நாலாவது பகுதி, "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்றே தொடங்கும். வறட்சியை மறைக்கவே இல்லை, பாருங்க!

பதில் 3: வாசிக்க அச்சுப் புத்தகம்தான் நல்லது. போன் என்றால் வாட்ஸ்அப் இழுத்துடும். பீச் லோக்கல் ரயிலில் ஆடியோ கேட்கலாம், தியானம் வீட்டிலேயே.