பப்பாளி அழுகலுக்குக் கிராம்பு எண்ணெய் உதவுமா?

பாலிக் பூலாவ் தோட்டக்காரர்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் எக்சோட்டிகா ரகப் பப்பாளி மரங்கள் இருபது வைத்திருக்கிறேன். பறிக்கும்போது கீறல்கூட இல்லாத காய்களில், மஞ்சள் ஏறிய பிறகு ஊசிமுனைப் புள்ளி தோன்றி, ஐந்து சென் நாணய அகலத்துக்குக் குழிந்து, நடுவில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுக்கிறது. பூஞ்சைமருந்தில் முக்கியெடுத்த பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வராததால், கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார்த்தேன். புள்ளி நிற்கவில்லை, தோலும் ஆங்காங்கே வெந்ததுபோல் பழுப்பாகிவிட்டது. எங்கே பிழை?

பயிர்நோய் மாணவி:
ஐயா, நீங்கள் விவரிப்பது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் போல் இருக்கிறது. இதன் பூஞ்சை, காய் மரத்தில் பச்சையாக இருக்கும்போதே மழைத்துளியோடு வந்து தோலில் ஊன்றி, பழுக்கும்வரை உறங்கிக் கிடக்கும். ஆகவே புள்ளி தெரிந்த பின் எதைப் பூசினாலும் காலம் கடந்ததே. கிராம்பிலுள்ள யூஜினால் என்ற பொருளும் இலவங்கப்பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு என்ற பொருளும் பூஞ்சையின் செல் சவ்வைக் குலைக்கக்கூடியவைதாம். ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் துளியாக மிதப்பதால், துளி பட்ட இடம் சுடுகிறது, மற்ற இடத்தில் ஒன்றுமே படிவதில்லை. மலேசியாவின் செமினியில் வளாகம் வைத்திருக்கும் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 10 விழுக்காட்டு அரபிப் பிசின் கரைசலில் 0.4 விழுக்காடு மட்டும் பட்டை எண்ணெய் கலந்து வாழைக்கும் பப்பாளிக்கும் பூசி நல்ல பலன் கண்டார்கள். பிசின் எண்ணெயைச் சீராகப் பரப்புவதோடு, தோலின் மூச்சையும் மட்டுப்படுத்திப் பழுப்பதைத் தள்ளிப்போடுகிறது.

பசார் வியாபாரி:
தங்கை சொல்வது சரி, ஆனால் வாசத்தை மறக்க வேண்டாம். நான் அளவு பாராமல் பட்டை எண்ணெய் பூசி அடுக்கிய பழத்தை முகர்ந்த அம்மா ஒருவர், "கறித்தூள் பக்கத்தில் வைத்தீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டார். என் கணக்கில் முதல் வேலை வெந்நீர்தான். ஹவாயில் 1950களிலேயே பப்பாளியை 49 பாகை செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தும் முறை வந்துவிட்டது. உறங்கும் பூஞ்சையைத் தொடுவது அந்தச் சூடு; எண்ணெய் அதற்குப் பின்னால் வரும் காவல். பறித்த அன்றே செய்யுங்கள், கையால் சூடு பார்க்காமல் வெப்பமானி வையுங்கள்.

பாலிக் பூலாவ் தோட்டக்காரர்:
இருவருக்கும் நன்றி. பூசிய பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா?

பயிர்நோய் மாணவி:
வேண்டாம், ஐயா. வீட்டுக் குளிர்பெட்டியின் 4 பாகையில் பப்பாளி குளிரடிபட்டு, வெளியே எடுத்ததும் முன்னிலும் வேகமாக அழுகும். 12, 13 பாகைக்குக் கீழே போகாத இடமே நல்லது. அது இல்லையென்றால் காற்றோட்டமான நிழலே போதும்.