பின்தகைவா, நாணேற்றமா?

வணக்கம்.

கான்கிரீட் இறுகிய பிறகு அதனுள் ஓடும் எஃகுக் கம்பியை இழுத்து இறுக்கும் முறை போஸ்ட் டென்ஷனிங். அதற்குத் தமிழில் ‘பின்தகைவு’ என்று வந்திருக்கும் பரிந்துரையை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. தகைவு என்றால் ஸ்ட்ரெஸ்; பிரீஸ்ட்ரெஸ்ஸிங்குக்கு வழங்கும் ‘முன்தகைவு’க்கு ஜோடியாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சிக்கலே அந்த ஜோடிப் பொருத்தம்தான்.

முன்தகைவில் உள்ள ‘முன்’ எதற்கு முன்? பாரம் ஏறுவதற்கு முன். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால் பாரம் வருவதற்கு முன்பே எஃகுக் கம்பியால் அதை நெருக்கி வைத்துவிடுகிறோம். வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டையைச் சூடாக மாட்டிக் குளிரவிடுவதும் இதே வேலைதான். போஸ்ட் டென்ஷனிங்கில் வரும் ‘பின்’ வேறு: கான்கிரீட் இறுகிய பின். இழுப்பது பிறகு என்றாலும் தகைவு ஏறுவது பாரத்துக்கு முன்னால்தான். ‘பின்தகைவும் ஒருவகை முன்தகைவே’ என்று எழுத நேர்ந்தால் மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

1973இல் திறந்த சிட்னி ஆப்பரா ஹவுஸின் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பி ஓடு போன்ற கூரைப் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியதுபோல் அமைக்கலாம் என்று கட்டடக் கலைஞர் ஊட்சன் முடிவெடுத்த பிறகுதான் அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி பிறந்தது. 2,194 வார்ப்புத் துண்டுகள். கிரேனால் தூக்கி, ஒன்றோடொன்று எப்பாக்ஸி பூசிச் சேர்த்து, உள்ளே விட்ட துளைகளில் கேபிளைக் கோத்து ஜாக்கால் இழுத்தார்கள். இழுத்த கேபிளின் மொத்த நீளம் 350 கிலோமீட்டர் என்கிறார்கள். துண்டு துண்டாக வந்தது, இழுத்த பிறகுதான் ஒரே விலா எலும்பாக நின்றது. இந்தக் காட்சியில் எனக்கு ‘பின்’னும் தெரியவில்லை, ‘தகைவு’ம் தெரியவில்லை. வில்லுக்கு நாண் ஏற்றுவதுதான் தெரிகிறது.

ஆகவே என் பரிந்துரை: நாணேற்றம். வில்லைச் செய்து முடித்த பிறகுதான் நாண் ஏற்றுவார்கள், ‘பின்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உத்திரத்தின் அடிப்பக்கமாகக் கம்பி ஓடினால், இழுத்ததும் உத்திரம் நடுவில் சற்றே மேலே வளையும், அதுவும் வில்தான். இன்னொரு வசதி, கட்டுமானத்தில் இப்படி இழுக்கும் கம்பிக்கு ஆங்கிலத்தில் டெண்டன் என்று பெயர், அதை அப்படியே ‘நாண்’ எனலாம். உடற்கூற்றில் அதே ஆங்கிலச் சொல்லுக்குத் தசைநாண் என்று ஏற்கெனவே சொல்கிறோமே! வினையாகவும் வளைந்து கொடுக்கும்: நாணேற்றிய தளம், நாணேற்றாத தளம், நாளைக்கு நாணேற்றுகிறோம். ‘பின்தகைவுபடுத்தப்பட்ட’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பட்டறையில் கம்பியை முதலில் இழுத்துப் பிடித்து, அதைச் சுற்றிக் கான்கிரீட் வார்த்து, இறுகியதும் விடுவிக்கும் முறைக்கு ‘முன்னிழுவை’ போதும். இரண்டுக்கும் பொதுப்பெயர் முன்தகைவு, அதை மாற்ற வேண்டாம். முன்தகைவுக்கு 1928இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரேசினே கண்டுகொண்டதும் இழுக்கும் நேரத்தைப் பற்றியது அல்ல. கான்கிரீட் நாளடைவில் குறுகுவதால் சாதாரணக் கம்பியின் இழுவிசை கரைந்துபோகும், உயர்வலிமை எஃகு வேண்டும் என்பதுதான் அவர் கண்டது. அது இரு முறைக்கும் பொது.

மறுப்பு வரும், தெரியும். வட்டத்தின் நாண் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை டிரஸ்ஸில், அதாவது முக்கோணங்களாகச் சட்டங்களைப் பிணைத்த கட்டமைப்பில், மேலும் கீழும் ஓடும் உறுப்புகள். வட்டத்தின் நாணைப் போலவே ஆங்கிலத்தில் அவற்றுக்கும் கார்டு என்றே பெயர், மொழிபெயர்ப்பவர் கை தானாக ‘நாண்’ என்று எழுதும். ஒரே வரைபடத்தில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். டிரஸ்ஸுக்கு மேல்சட்டம், கீழ்சட்டம் என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இழுத்த கம்பி நழுவாமல் முனையில் கவ்விப் பிடிக்கும் ஆங்கருக்கு ‘நாண்பூட்டு’ பொருந்துமா? அதற்குள் செருகும் வெட்ஜுக்குச் சொல் தேட வேண்டாம், தச்சர் வாயில் ‘ஆப்பு’ தயாராக இருக்கிறது. கேலிப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று யாரும் தள்ளிவிடாதீர்கள்.