மிஸ்கொன்செப்ஷன்: பிழையா, திரிபா, பிறழ்கோளா?

1. அனுப்புவது: விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர், திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம்.

தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் கற்பிப்பவர்களுக்கான கைந்நூலைத் தமிழில் எழுதும் வேலை ஒரு சொல்லில் தட்டி நிற்கிறது. மிஸ்கொன்செப்ஷன்: விஞ்ஞானத்தோடு பொருந்தாத, ஆனால் பிள்ளை காரணத்தோடு மனத்தில் வைத்திருக்கும் எண்ணத்துக்கான ஆங்கிலச் சொல். இப்போது தவறான கருத்து, பிழையான எண்ணக்கரு, தப்பெண்ணம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். தப்பெண்ணம் என்பது ஆளைப் பற்றிக் கொள்வது, அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டிலும் உள்ள ‘தவறு’, ‘பிழை’ ஆகியவைதான் சிக்கல்.

ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று ஒரு பிள்ளை எழுதினால் அது பிழை. சுட்டிக்காட்டினால் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளும். “முதல் மின்குமிழ் மின்னோட்டத்தில் கொஞ்சத்தை எடுத்துவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும்” என்று சொல்லும் பிள்ளையின் நிலை வேறு. அதற்குக் காரணம் இருக்கிறது: ரோச் பற்றரி தீர்ந்துபோவதைக் கண்டிருக்கிறது, வீட்டுக்கு மின் பட்டியல் வருவதைக் கண்டிருக்கிறது. அந்த எண்ணத்தை வைத்து அடுத்த சோதனைக்கு எதிர்வும் கூறும். சொல்லித் திருத்தினால் பரீட்சைத் தாளில் சரியாக எழுதிவிட்டு, பழையதையே உள்ளே வைத்திருக்கும்.

தமிழில் இந்த வேறுபாட்டுக்குப் பழைய வழி உண்டு. ‘ஐயந்திரிபற’ என்கிறோம் அல்லவா? இருட்டில் தெரிவது குற்றியோ (மரக்கட்டையோ) மகனோ (ஆளோ) என்று தடுமாறுவது ஐயம். குற்றியை மகன் என்றே கொண்டுவிடுவது திரிபு. ஐயமுள்ளவர் கேட்பார், திரிபுள்ளவர் கேட்கமாட்டார், அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. பாடம் முடிவில் “ஏதும் சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் ஐயம் மட்டுமே வெளியே வரும். ஆகவே என் முன்மொழிவு: திரிபுக்கரு.

2. அனுப்புவது: பௌதிகவியல் ஆசிரியர், கிண்ணியா

வணக்கம் சேர்.

ஐயம், திரிபு என்ற பிரிப்பு அருமை. சொல்லை ஏற்கக் கஷ்டமாயிருக்கு. உயிரியல் படிப்பிப்பவரின் காதில் ‘திரிபுக்கரு’ ஊனமான கருவென்றுதான் விழும். எண்ணக்கருவில் உள்ள ‘எண்ண’ போனதும் கரு தனியே நிற்குது.

‘பிழை’ வேண்டாம் என்பதில் உடன்பாடு. அந்தச் சொல் ஆசிரியரை எங்கே கொண்டுபோய் விடுது என்று பாருங்கோ: பிழை என்றால் சொல்லித் திருத்து, அவ்வளவுதான். 1982இல் போஸ்னர், ஸ்ட்ரைக், ஹியூசன், கெர்ட்சொக் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் நால்வர் எண்ணக்கரு மாற்றத்துக்கு நான்கு நிபந்தனைகளை வைத்தார்கள். தன்னிடம் இருப்பதில் பிள்ளைக்கு அதிருப்தி வர வேண்டும். புதியது விளங்க வேண்டும். நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மேலும் பல இடங்களில் பயன்பட வேண்டும். சொல்லித் திருத்தும்போது கூடினால் இரண்டாவதுதான் நிறைவேறும்.

நீங்கள் சொன்ன மின்குமிழையே எடுப்போம். கைந்நூலில் செய்முறையை இந்த அளவு விவரமாகப் போட்டால் நல்லது:

1.5 வோல்ற்று உலர்கலம் இரண்டு, 2.5 வோல்ற்று மின்குமிழ் இரண்டு, ஆளி (சுவிட்ச்), மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானி ஒன்று. எல்லாம் தொடராக. ஆளியை மூட முன்னர் ஒவ்வொரு பிள்ளையும் பேனையால் எழுத வேண்டும்: எந்தக் குமிழ் கூட ஒளிரும், ஏன்? பென்சில் கொடுத்தால் பார்த்த பிறகு அழித்து எழுதிவிடுவார்கள். பிறகு மூடிப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, எதிர்வுகூறலோடு எங்கே முரண்பட்டது என்று விளக்குவது.

கெட்டுப்போகும் இடம் குமிழ்தான். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டும் ஒரே அளவில் ஒளிரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முதலாவது தற்செயலாகக் கூட ஒளிர்ந்தால் பிள்ளையின் எண்ணம் அங்கேயே சீமெந்து போட்டதுபோல் இறுகிவிடும். முதல் நாளே நாலைந்து குமிழை மாற்றி மாற்றிப் போட்டு, ஒத்த சோடியைத் தெரிந்து வையுங்கோ. அப்படியும் வித்தியாசம் இருந்தால் குமிழ்களை இடம் மாற்றிக் காட்டலாம்: பிரகாசம் குமிழோடு போகும், இடத்தோடு நிற்காது.

அம்பியர்மானியும் அப்படித்தான். மூன்று இடத்தில் மூன்று மானி வைத்தால் பூச்சிய வழுவால் (மின்னோட்டம் இல்லாதபோதே முள் பூச்சியத்தில் நில்லாமையால்) மூன்று வாசிப்பு வரும். ஒரே மானியைக் கழற்றிக் கலத்துக்கும் முதற்குமிழுக்கும் இடையில், இரண்டு குமிழுக்கும் இடையில், பிறகு திரும்பும் வழியில் என்று மாட்ட வேண்டும்.

வாசிப்பு மூன்றும் ஒன்றாக வந்ததோடு பாடத்தை முடித்தால் பாதிக் கிணறுதான். “அப்ப பற்றரி ஏன் தீருது?” என்ற கேள்விக்குப் பதில் வராதவரை பிள்ளை பழையதை விடாது, விடவும் கூடாது. அதுதான் மூன்றாவது நிபந்தனை. சைக்கிள் செயின் உதவும்: கண்ணிகள் எங்கும் தீர்வதில்லை, போன எண்ணிக்கையே திரும்பி வருது, ஆனால் மிதிப்பவரின் சக்தி பின்சில்லுக்குக் கடத்தப்படுது. ஓடுவது ஒன்று, கடத்தப்படுவது வேறொன்று.

சொல்லுக்கு என்னிடம் முடிவு இல்லை. ‘மாற்று எண்ணக்கரு’ என்று சிலர் எழுதுகிறார்கள். மரியாதையான சொல், ஆனால் இரண்டும் சமம் என்ற தோற்றம் தருது. மூன்று வாசிப்பும் சமமாக வந்த பிறகு இரண்டு எண்ணமும் சமமில்லை.

3. அனுப்புவது: பாடநூல் மொழிபெயர்ப்பாளர், சென்னை

சிறு குறிப்பு. எங்கள் இயற்பியல் நூல்களில் தகைவு, திரிபு என்பவை ஏற்கெனவே ஒரு சோடி. கம்பியை இழுத்தால் நீளத்தில் வரும் மாற்றத்தின் விகிதம் எங்களுக்குத் திரிபு. உங்கள் கைந்நூலை இங்கும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இரு கரைக்கும் நடுவே ‘நிறை’ படும் பாடு போதும்: உங்களுக்கு அது புவி இழுக்கும் விசை, எங்களுக்கு அது ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, நீங்கள் திணிவு என்பது. இரண்டு நாட்டு நூலையும் வைத்துப் படிக்கும் மாணவருக்கு அகராதியே தவறான எண்ணத்தை ஊட்டுகிறது.

4. அனுப்புவது: விஞ்ஞான ஆசிரியை, நிலாவெளி

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஐயா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பேச்சுமொழியும் இதில் பங்காளி. ஐஸ் ‘கரைஞ்சிட்டு’ என்கிறோம், சீனியும் ‘கரைஞ்சிட்டு’ என்கிறோம். உருகலுக்கும் கரைதலுக்கும் வீட்டில் ஒரே வினை. கரைவதற்கு இரண்டாவது பொருள் வேண்டும், உருகுவதற்கு வெப்பம் போதும் என்று வகுப்பில் சொல்லும்போது அந்த வீட்டு வினையை வெளியே எடுத்து வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. இங்கே பிள்ளையிடம் எந்தப் பிழையும் இல்லை.

இன்னொன்று பருவகாலம். “சூரியனுக்குக் கிட்டப் போனால் வெயில் காலம்.” இதற்குள் இருப்பது ஒரு முழுக் கோட்பாடல்ல, ‘கிட்டப் போனால் கூடும்’ என்ற ஒரு சின்னத் துண்டு. அடுப்படியில் அந்தத் துண்டு முற்றிலும் சரி. கல்வி ஆய்வாளர் டிசெஸா 1993இல் விரிவாக எழுதியது இதைத்தான்: பிள்ளையின் அறிவு துண்டு துண்டாக இருக்கிறது, பொருந்தாத இடத்தில் ஒரு துண்டு எழுந்து வந்து நிற்கிறது. துண்டை அழிக்க வேண்டியதில்லை, அதற்குரிய இடத்தைக் காட்ட வேண்டும். ஆகவே ‘கரு’, ‘கோட்பாடு’ எல்லாம் இதற்குப் பெரிய சட்டை.

பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில், ஏறத்தாழ 147 மில்லியன் கி.மீ. மிகத் தொலைவு ஜூலை தொடக்கத்தில், 152 மில்லியன். எங்களுக்கு ஜூலை கச்சான் காற்றடிக்கும் கொதி காலம், ஜனவரி மழைக் குளிர். இதைச் சொன்னதும் முரண் வந்துவிட்டது என்று ஆசிரியர் மகிழ்ந்துவிடக் கூடாது. “மழையால்தானே ரீச்சர் குளிர்” என்று பிள்ளை சொல்லும், அது சரியும்கூட. திருகோணமலையின் வெப்பத்தைப் பருவக்காற்றுத்தான் ஆள்கிறது. அதனால் ஒரே ஜனவரியில் அவுஸ்திரேலியா வேகிறது, ஐரோப்பா உறைகிறது, சூரியனிலிருந்து தூரம் இரண்டுக்கும் ஒன்றே என்ற முரணை வையுங்கள்.

பருவகாலத்துக்கு உண்மையான காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. அந்தச் சாய்வின் விளைவை உள்ளூரிலேயே அளக்கலாம். 1 மீற்றர் கோலைத் தூக்குக்குண்டு பிடித்து நட்டு, ஜூன் 21 நண்பகல் 12.07 அளவில் நிழலைப் பாருங்கள்: சுமார் 27 செ.மீ., தெற்கு நோக்கி. டிசம்பர் 21இல் 12.03 அளவில் சுமார் 62 செ.மீ., வடக்கு நோக்கி. அப்போது விடுமுறை என்றால் டிசம்பர் முதல் வாரத்தில் எடுத்தாலும் 60 செ.மீ.ஐ ஒட்டி வரும். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் நிழலே இராது. கோல் 2 பாகை சாய்ந்தால் 3 செ.மீ.க்கு மேல் பிசகும், ஆகவே குண்டு நூல் கட்டாயம். “மத்தியானத்தில் சூரியன் எப்போதும் உச்சியில்” என்ற எண்ணமும் இதிலேயே ஆட்டம் காணும்.

இப்போது சொல். துண்டு சரி, நின்ற இடம் சரியில்லை. வரிசை பிறழ்ந்தது, நெறி பிறழ்ந்தது என்கிறோமே, அந்தப் பிறழ்தல். பிள்ளை அதைக் கொண்டிருக்கிறது, ஆகவே எடுகோள், கருதுகோள் என்ற வரிசையில், கொள்வது என்ற பொருளில், கோள். பிறழ்கோள். பாடத்துக்கு முன்பே பிள்ளை கொண்டுவருவது எதுவானாலும் முற்கோள். எல்லா முற்கோளும் பிறழ்கோள் அல்ல.

5. அனுப்புவது: ஆசிரிய ஆலோசகர், திருகோணமலை

மிஸ், திரிபுக்கருவை மீளப் பெறுகிறேன். வானியல் அலகில் ‘பிறழ்கோள்’ பாதை மாறிய கிரகம்போல் ஒலிக்கும், அங்கே மட்டும் ‘பிறழ்ந்த முற்கோள்’ என்று விரித்து எழுதுவோம். கைந்நூலில் ‘பிறழ்கோள் நீக்கம்’ என்று தலைப்பிடவும் வேண்டாம், துண்டை அழிப்பதல்லவே வேலை, ‘எண்ணக்கரு மாற்றம்’ நிற்கட்டும். கலைச்சொற் பட்டியலில் போகும் வரி:

பிறழ்கோள்: ஓரிடத்தில் பொருந்துவதை அது பொருந்தாத இடத்திலும் காரணத்தோடு கொண்டிருத்தல், வினவாமல் வெளிப்படாது. ஒப்பிடுக: ஐயம், பிழை, முற்கோள்.